இறகில் எண்ணெய் ஏறும்வரை

அன்பு மகளுக்கு,

இங்கு உன் அம்மா நலம், உன் மாமாவும் அத்தையும் நலம், பண்ணையின் வாத்துகள் நானூறும் நலம். என் தொண்டை ஒன்றுதான் இன்னும் அந்த வரிசையில் வந்து நிற்காமல் முரண்டு பிடிக்கிறது. அங்கு நீ எப்படி இருக்கிறாய் என்பதை நீ உன் அம்மாவிடம் சொல்ல, அவள் என்னிடம் சொல்ல, அந்தச் சுற்றுவழியாகவே இத்தனை ஆண்டுகள் அறிந்து வந்தேன். இம்முறை அந்த வழியை விட்டுவிட்டு நேரே உன்னிடம் வருகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைக் கண்டு நீ திடுக்கிட்டிருப்பாய். தீய செய்தி ஏதும் இல்லை, முதலில் அதைத் தெளிவாக்கிவிடுகிறேன். குரல்நாணில் இருந்த முடிச்சை அறுத்தெடுத்துவிட்டார்கள். அது கொடிய கட்டி அன்று என்று ஆய்வு முடிவும் வந்துவிட்டது. நாற்பது ஆண்டுகள் ஆலை வாயில்களிலும் சந்தை முனைகளிலும் ஒலிபெருக்கி இருந்தும் இல்லாதவனைப் போல் முழங்கினேனே, அதன் பயன் அந்த முடிச்சு என்றார் மருத்துவர். இருபத்தொரு நாள் ஒரு சொல்லும் கூடாது, இருமல் வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும், கிசுகிசுப்பது கத்துவதைவிடக் கேடு என்று எனக்குச் சொல்லிவிட்டு, உன் அம்மாவின் பக்கம் திரும்பி, வீட்ல வச்சிருந்தீங்கன்னா நாலு பேர் பாக்க வருவாங்க, வந்தா இவர் சும்மா இருக்க மாட்டார், ஆள் நடமாட்டம் இல்லாத இடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க என்றார். உன் அம்மா ஒரு நொடியும் எண்ணிப் பார்க்கவில்லை. எங்க தம்பி வாத்துப் பண்ணை வச்சிருக்கான் டாக்டர், அங்க இவர் பேச்சைக் கேக்கணும்னா வாத்துதான் கேக்கணும் என்றாள். மருத்துவர் சிரித்தார். எனக்குச் சிரிக்கவும் தடை.

ஆக, இருபது நாளாக இங்கே இருக்கிறேன். நீ சிறுமியாக இருந்தபோது ஒரு முறை வந்திருக்கிறாய், அப்போது குளம் ஒன்றுதான். இப்போது குளம் இரண்டு, நடுவில் அகன்ற கரை, கரையின் முனையில் நீரேற்றும் பொறி இருக்கும் சிறு அறை, அதற்கு அப்பால் நாணல் அடர்ந்த ஒரு சதுப்பு, அதை உன் மாமா எதற்கும் பயன்படாத நிலம் என்கிறான். வாத்துகள் விடியலை ஒட்டித்தான் முட்டையிடும் என்பதும், எட்டு மணிக்கு முன் கொட்டகையைத் திறந்துவிட்டால் கரையெங்கும் முட்டையைச் சிதறவிட்டுப் போகும் என்பதும் எனக்கு இங்கு வந்த பிறகுதான் தெரியும். எட்டு மணிக்கு உன் மாமா தாழ்ப்பாளை விலக்குவான். நானூறு வாத்தும் கழுத்தை நீட்டிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றையொன்று ஏசிக்கொண்டே நீரை நோக்கி நடக்கும். எத்தனையோ ஊர்வலங்களுக்குத் தலைமை தாங்கியவன் நான்; இப்படி வரிசை பிசகாத ஊர்வலத்தை ஒரு நாளும் நடத்தியதில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். இவற்றில் உரக்கக் கத்துவது பெட்டை மட்டும்தானாம். ஆணுக்கு ஒரு கரகரப்புதான் வருமாம். உன் அத்தை அதை எனக்கு விளக்கிய முறையைக் கேள். சத்தமெல்லாம் பொட்டையோடதுதான் அண்ணா, ஆம்பளை வாத்து உங்கள மாதிரி, வாயைத் தொறந்தா காத்துதான் வரும் என்றாள். உன் அம்மா கையிலிருந்த தீவன வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். இந்த வீட்டில் எனக்கு எதிராக ஒரு கூட்டணியே அமைந்திருக்கிறது, மறுப்புரை வழங்க இயலாத நேரம் பார்த்து.

விடியலில் இருந்து எட்டு மணிவரை செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் கரையைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். மகளே, ஒரு வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். மேடையில் நான் எத்தனை பறவைகளைப் பறக்க விட்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அன்னம் என்பேன், அன்றில் என்பேன், அடைபட்ட கிளி என்பேன், சிறகை விரித்த பருந்து என்பேன். கூட்டம் கை தட்டும். இங்கு வந்து கரையில் நின்றபோது எதிரே நிற்பது கொக்கா நாரையா என்று எனக்குத் தெரியவில்லை. அதைவிட வெட்கம், அவற்றை நான் பார்க்கவே முடியவில்லை. கைவீசி, நிலம் அதிர, ஏதோ மறியலுக்குப் போகிறவன் போல நடப்பேன். கரையில் ஓர் ஆள்காட்டி இருக்கிறது, நெடுங்கால், கண்ணருகே சிவப்பு, ஒற்றை ஆள் தலை தெரிந்தாலும் வானத்தில் சுற்றிச் சுற்றி ஊரைக் கூட்டும். அது கத்தியதும் நீரில் இருப்பவை, நாணலில் இருப்பவை எல்லாம் எழுந்து பறந்து போய்விடும். நான் காண்பது வாலும் காலும் மட்டும். என் இனம் எது என்று முதல் நாளே கண்டுகொண்டேன். நாலாம் நாள் கால் வலித்தது என்று நீரேற்றும் அறையின் நிழலில் ஒரு பழைய தீவனத் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு ஆள்காட்டி என்னை மறந்துவிட்டது. மீன்கொத்தி வந்து என் தலைக்கு மேலிருந்த குழாயிலேயே அமர்ந்தது. முக்குளிப்பான் என்று ஒரு சிறு பறவை, கைப்பிடியளவு, மூழ்கி மறைந்து, நாம் எதிர்பாராத இடத்தில் தலை காட்டும். கூலி உயர்வைப் பற்றிக் கேட்டதும் காணாமற்போய், ஆறு திங்கள் கழித்து வேறோர் ஆலையில் தென்படும் மேலாளர் ஒருவரை எனக்கு அது நினைவூட்டியது. நாணலுக்குள்ளிருந்து ஒரு காட்டு வாத்து ஒன்பது குஞ்சுகளோடு வெளியே வந்தது. முந்தைய நாளோ அன்றோ பொரிந்தவை, மஞ்சளும் கறுப்புமாய், அவ்வளவு சிறியவை. தாய் நீரில் இறங்கியதும் ஒன்பதும் தயங்காமல் இறங்கி, நெட்டித் துண்டுகள் போல் மிதந்தன. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுபது அகவையை நெருங்குகிறவன், ஒரு மணி நேரம் வாய் திறவாமல், கை அசையாமல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது அதுவே முதல் முறை. அந்தக் குஞ்சுகளை நினைவில் வைத்துக்கொள், அவற்றால்தான் பின்னர் நான் ஒரு பிழை செய்தேன்.

அதற்கு முன் எழுதுபலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் அம்மா எனக்கு ஒரு சிறு பலகையும் எழுதி அழிக்கும் கோலும் வாங்கித் தந்தாள், கழுத்தில் கயிற்றோடு தொங்கும். முதல் நாள் காலை தொண்டை வறண்டதால், எனக்குக் குடிக்க இளஞ்சூட்டில் வெந்நீர் வேண்டும் என்று எழுத எண்ணி, எனக்கு வெந்நீர் என்பதுவரை எழுதியிருப்பேன். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த உன் மாமா, வெந்நீரா அத்தான், அக்கா, அத்தானுக்குக் குளிக்க வெந்நீர் வேணுமாம், ரெண்டு வாளியா வை என்று குரல் கொடுத்துவிட்டான். தலையை அசைத்து மறுத்தேன். ரெண்டு வாளி பத்தாதாம், மூணு வை என்றான். குளித்துவிட்டு வந்த நான் அன்று மறுபடியும் குளித்தேன். நல்லவன் உன் மாமா, என் மேல் உயிரை வைத்திருப்பவன், எனக்கு உதவுவதாக எண்ணியே எழுத எழுத முடித்து வைப்பான். நான் கதவு என்று எழுதினால் மூடுவான், திறக்கத்தான் சொல்ல வந்தேன். குளத்தில் எத்தனை என்று எழுதினால், எத்தனை வாத்து என்று சொல்வான், எத்தனை அடி ஆழம் என்றுதான் கேட்க வந்தேன். முதலில் சினம் வந்தது. பலகையை அழித்து மறுபடி எழுதினேன். ஐந்தாம் நாள் சினமும் போய்விட்டது, அதற்குப் பின் வந்ததுதான் எனக்குப் புதியது. அவன் என்ன ஊகிக்கிறானோ அதுவே போதும் என்று தலையசைக்கத் தொடங்கினேன். தேநீரில் சர்க்கரை வேண்டாம் என்று எழுதப் போன இடத்தில் இன்னும் ஒரு கரண்டி போட்டுக் கொடுத்தான், குடித்துவிட்டேன். கோலை எடுப்பதற்கே கை வரவில்லை. சொல்ல நினைத்தது நெஞ்சுக்குள்ளேயே அமர்ந்து, சற்று நேரம் காத்திருந்து, பிறகு தானாகவே படுத்துக்கொண்டது.

அன்று கரையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு குடை நினைவுக்கு வந்தது. உனக்கு ஏழு அகவை இருக்கும். மழைக்காலம் தொடங்கும் முன் குடை வாங்கக் கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் ஐந்தாறு குடைகளை விரித்து வைத்து, உனக்கு எது பாப்பா வேணும் என்றார். நீ நிமிர்ந்து நின்று, கண்ணை இறுக்கி, உதட்டைக் கூட்டி, ஒரு நிறத்தின் பெயரைச் சொல்ல முயன்றாய். அது வரவில்லை. உன் கழுத்து நரம்பு புடைத்தது. கடைக்காரர் பார்க்கிறாரே என்று எனக்குத்தான் பொறுக்கவில்லை. பச்சைதானே என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்துத் தலையை ஆட்டினாய். நான்கு மழைக்காலம் அந்தப் பச்சைக் குடையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போனாய். அது நீ கேட்க வந்த நிறம் அன்று என்பதை நான் இப்போது அறிகிறேன், ஒரு கரண்டிச் சர்க்கரை அதை எனக்கு அறிவித்தது. எந்த நிறம் என்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

உன் அம்மாவின் மேல் சினம் கொள்ளாதே, இப்போது எழுதப் போவதை அவள்தான் சொன்னாள். என்னிடம் ஏன் சொன்னாள் என்றால், நான் மறுமொழி பேச முடியாது என்பதே காரணம். முப்பத்தெட்டு ஆண்டு இல்வாழ்க்கையில் ஒரு செய்தியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை அவள் என்னிடம் சொல்லி முடித்தது இதுவே முதல் முறை என்று அவளே சொன்னாள். நீ வேலை செய்யும் மருத்துவமனையில், குருதி ஆய்வகத்துக்கு உன்னைத் தலைமையாக அமர்த்த விரும்புகிறார்கள் என்றாள். தலைமை என்றால் திங்கட்கிழமைதோறும் காலையில் இருபது மருத்துவர்கள் நடுவே நின்று ஆய்வு முடிவுகளை விளக்க வேண்டும் என்றாள். இந்தத் திங்கள் முடிவுக்குள் நீ விடை சொல்ல வேண்டும், வேண்டாம் என்று சொல்லப் போகிறாய் என்றாள். நான் பலகையில், ஏன் என்று எழுதினேன். அவள் நீ சொன்னதை அப்படியே சொன்னாள். நான் ஒரு வரி சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவங்க காபி குடிக்க எழுந்து போயிடுவாங்கம்மா. இல்லன்னா எனக்காக அவங்களே முடிச்சிடுவாங்க, அது இன்னும் மோசம். இதை அப்பாகிட்ட சொல்லாதே. அவர் பேச ஆரம்பிச்சிடுவார்.

அவர் பேச ஆரம்பிச்சிடுவார். எனக்கு எதிராக எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள் மகளே, ஆலை முதலாளிகள், எதிர்மேடைக்காரர்கள், நாளேடுகள். எவருடைய சொல்லும் என்னை இப்படி உட்கார வைத்ததில்லை. என் வாய்க்கு அஞ்சி வீட்டில் ஒருத்தி ஒளிந்து வாழ்ந்திருக்கிறாள், அவள் என் மகள். உன் அம்மா என்னைத் தேற்றவில்லை. எழுந்து போகும்போது மட்டும், உங்களுக்குப் பேச்சு இருந்திருந்தா இதுக்குள்ள அரை மணி நேரம் ஆகியிருக்கும், அவ வேலையை ஏத்துக்கிட்டே ஆகணும்னு முடிச்சிருப்பீங்க என்றாள். ஆம், முடித்திருப்பேன்.

இனி அந்தப் பிழை. கொட்டகையின் ஓர் அறையில் முட்டை பொரிக்கும் மின்பெட்டி இருக்கிறது, உன் அத்தை அதை மிஷின் என்றே சொல்வாள். அதில் பொரிந்த குஞ்சுகளை ஒரு மரத்தொட்டியில், மரத்தூளின் மேல், மேலே ஒரு விளக்கு எரிய வைத்திருந்தாள். பன்னிரண்டு குஞ்சுகள், நாலு நாள் அகவை. அந்தச் சிறு தொட்டியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விளக்கின் அடியில் நெருக்கிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்கு உள்ளம் கொதித்தது. நாணலில் கண்ட ஒன்பதும் பொரிந்த மறுநாளே நீரில் விளையாடுகின்றன, இவற்றுக்கு மட்டும் ஏன் இந்தச் சிறை என்று எண்ணினேன். நீரில் வாழப் பிறந்த இனம், நீர் அதன் பிறப்புரிமை, பத்து அடி தள்ளிக் குளம், நடுவில் ஒரு மரப்பலகை. என் வாழ்நாள் முழுவதும் நான் பேசியது இதைத்தான் அல்லவா? உன் மாமாவும் அத்தையும் முட்டைகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போயிருந்தார்கள். உன் அம்மா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பலகை கழுத்திலேயே தொங்கியது, அவளிடம் போய் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பன்னிரண்டையும் ஒரு கூடையில் இட்டுக்கொண்டு போய் முதற் குளத்தின் படித்துறையில் விட்டேன்.

நீந்தின. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், அழகாக நீந்தின. கால்களை உதைத்து, தலையை நனைத்து, ஒன்றையொன்று துரத்தி, எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் தாழத் தொடங்கின. பஞ்சுபோல் நின்ற தூவி உடம்போடு ஒட்டிக்கொண்டது. மிதந்தவை மூழ்காமல் இருக்க உதைத்தன, உதைத்தவை உதைக்க மாட்டாமல் கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து வாயைத் திறந்தன. கரைக்கு அருகேதான் இருந்தன, ஆனாலும் படி ஏறத் தெரியவில்லை. நான் உடுத்திய உடையோடு இடுப்பளவு நீரில் இறங்கி அள்ளி அள்ளிக் கரையில் போட்டேன். உன் அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். பத்தாயிரம் பேரை எழுந்து நிற்க வைத்த வாய். ஒரு காற்று வந்தது, அதற்கே தொண்டையில் புண் இழுத்தது. கழுத்திலிருந்த பலகையைக் கழற்றி நீரேற்றும் குழாயின் மேல் ஓங்கி ஓங்கி அடித்தேன், அது இரண்டாக உடைந்தது. ஓசை கேட்டு அவள் ஈரக்கையோடு ஓடி வந்தாள். தோளிலிருந்த துண்டில் ஐந்தைச் சுற்றிக்கொண்டாள். அந்நேரம் உன் அத்தையும் சந்தையிலிருந்து வந்துவிட்டாள். அவள் கண்ட காட்சியைச் சொல்லவும் வேண்டுமோ. யாரு இதுங்களத் தண்ணியில விட்டது என்று கேட்டவள், நான் இடுப்புவரை நனைந்திருந்ததைப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டாள். சட்டைப் பொத்தானைக் கழட்டுங்க அண்ணா என்று சொல்லி, துடைத்த குஞ்சு இரண்டை என் மார்போடு சேர்த்து உள்ளே வைத்தாள். இரண்டும் நடுங்கின, அந்த நடுக்கம் எனக்குள் இறங்கியது. சற்று நேரத்தில் ஒன்றின் நடுக்கம் நின்றது. சூடேறிவிட்டது என்று எண்ணினேன். உன் அத்தை கையை விட்டுப் பார்த்துவிட்டு, இது போயிடுச்சு என்று எடுத்துக்கொண்டாள்.

பதினொன்று பிழைத்தன. விளக்கடியில் அவை உலர்ந்துகொண்டிருந்தபோது, உடைந்த பலகையின் ஒரு துண்டில், வாத்துதானே, நீந்தாதா என்று எழுதினேன். உன் அத்தை என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. ஒரு சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோலவும் சொல்லவில்லை, தொழில் தெரிந்தவள் தொழிலைச் சொன்னாள், அவ்வளவுதான். நீந்தும் அண்ணா, ஏன் நீந்தாது? ஆனா தாய்க்கு அடியில கிடக்கிற குஞ்சுக்கு அவ இறகுல இருக்கிற எண்ணெய் மேல ஏறிக்கும், தண்ணி ஒட்டாது. இதுங்க மிஷின் பிள்ளைங்க, எண்ணெய்க்கு எங்க போகும்? அதுவா ஊறி ஏற மூணு நாலு வாரம் ஆகும். அது வரைக்கும் குடிக்கத்தான் தண்ணி, இறங்கத் தண்ணி கிடையாது. பிறகு மரத்தூளைக் கிளறிவிட்டுக்கொண்டே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அண்ணா என்றாள்.

அந்த நூலகத் திறப்பு விழாவை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை, ஆனால் வேறு விதமாக நினைவில் வைத்திருந்தேன். உனக்கு ஒன்பது அகவை. நாலு வரி வரவேற்பு, வீட்டில் என் முன்னே நின்று இருபது முறை சொல்லியிருந்தாய். என்னோடு தனியே சொன்னபோதும் திக்கியது, மேடையேறினால் திக்கல் போய்விடும் என்று நான்தான் முடிவு செய்தேன். முக்காலியின் மேல் உன்னை ஏற்றி, இவள் என் மகள், பேச்சு இவள் குருதியில் ஓடுகிறது என்று கூட்டத்துக்கு அறிவித்தேன். முதற்சொல் உன் உதட்டிலேயே நின்றது. நீ விடவில்லை, கையை முறுக்கிக்கொண்டு மறுபடி மறுபடி முயன்றாய். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் ஒலிவாங்கியை வாங்கி அந்த நாலு வரியையும் நானே முழங்கினேன். கை தட்டினார்கள். உன்னை நான் காப்பாற்றிவிட்டதாக இத்தனை ஆண்டுகள் எண்ணியிருந்தேன். நீரில் தள்ளியவனும் நான்தான் என்பதை எண்ணவில்லை. இன்னும் சற்று நேரம் விட்டிருந்தால் அந்தச் சொல் வந்திருக்கும், உன் முகத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான், அது வரும் வழியில்தான் இருந்தது. நான் காத்திருக்கவில்லை. அதன்பின் வீட்டில் எத்தனை வரிகளை உனக்காக நான் முடித்து வைத்தேன், எத்தனை பச்சைக் குடைகளை உன் கையில் திணித்தேன் என்று எனக்கே தெரியாது. நீ ஒவ்வொரு முறையும் தலையசைத்தாய், அதை நான் இசைவு என்று கொண்டேன். பிறகு ஒரு நாள் வெகு தொலைவுக்குப் போய்விட்டாய். என்னைப் பொறுத்துக்கொள் என்று கேட்கவே இந்த மடல். மேடையில் இருந்து கேட்கவில்லை, அணி எதுவும் சேர்த்துக் கேட்கவில்லை. பொறுத்துக்கொள் மகளே.

வேலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஏற்றுக்கொள் என்றும் இல்லை, மறுத்துவிடு என்றும் இல்லை. இந்த மடலின் முதல் படியில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன், துணிவு, உரிமை, தலைநிமிர்வு என்று, என் வழக்கப்படி. படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்தேன். உன் அம்மா துண்டுகளைப் பொறுக்கி அடுப்பு மூட்ட எடுத்துக்கொண்டு, நல்லா எரியுது என்றாள். அந்த இருபது மருத்துவர்களை நான் அறியேன். அவர்கள் காத்திருக்கத் தெரிந்தவர்களா, எழுந்து போகிறவர்களா என்பது நீ அறிந்தது, நீயே முடிவு செய்ய வேண்டியது. ஒன்றை மட்டும் தெரிந்துகொள். ஒரு சொல்லுக்காகக் காத்திருக்க மாட்டாதவன் உன் வாழ்வில் முதலில் வந்தவன் உன் தந்தை. எல்லாரும் அப்படித்தான் இருப்பார்கள் என்று என்னை வைத்து எடைபோட்டுவிடாதே.

மற்றச் செய்திகள் எல்லாம் சிறியவை. உன் மாமாவுக்கு முழங்கால் வலி, மருத்துவரிடம் போகச் சொன்னால், வாத்தே ஆடி ஆடித்தான் நடக்குது அக்கா, எனக்கென்ன என்கிறான். உன் அம்மா ஒரு நாரையோடு போர் தொடுத்திருக்கிறாள், அது நாள்தோறும் வந்து இரண்டாம் குளத்து மீன்குஞ்சுகளைத் தின்றுவிட்டுப் போகிறது, இவள் தட்டைத் தட்டி விரட்டுவாள், அது எதிர்க்கரையில் போய் நின்று இவளையே பார்க்கும். கொக்குக்கும் நாரைக்கும் வேறுபாடு இப்போது எனக்குத் தெரியும் என்பதை இவ்விடத்தில் பதிவு செய்கிறேன். நாணலின் ஒன்பதில் இப்போது ஏழுதான் இருக்கின்றன, இரண்டை எது கொண்டுபோயிற்றோ தெரியவில்லை. தாய் இருந்தும் ஏழுதான். அந்தச் சதுப்பை மூன்றாம் குளமாக வெட்டலாம் என்று இருந்த உன் மாமா, நான் உடைந்த பலகையில் அரைமணி நேரம் எழுதிக் காட்டியதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, சரி அத்தான், அடுத்த ஆண்டு பாப்போம் என்றான். முழுதும் எழுதி முடிக்கும்வரை அவன் குறுக்கிடவில்லை. அவனுக்கு உன் அம்மா ஏதோ சொல்லியிருக்க வேண்டும். நுண்ணோக்கியில் குனிந்து குனிந்து உனக்குக் கழுத்து வலிக்கிறது என்று அவள் கவலைப்படுகிறாள், நாற்காலியை உயர்த்திக்கொள். கண்ணையும் ஒரு முறை காட்டிவிடு. குளிர் தொடங்கிவிட்டது என்றாயாம், காதை மூடாமல் வெளியே போகாதே.

இன்று காலை உன் அத்தை அந்தப் பதினொன்றின் தொட்டியில் விரற்கடை ஆழத்துக்கு ஒரு தட்டில் நீர் வைத்தாள். பொரிந்து பதினேழு நாள் ஆகிறது, வால் அடியில் அலகைத் தேய்த்து உடம்பெங்கும் தடவிக்கொள்ளத் தொடங்கிவிட்டன. ஒன்று மட்டும் தட்டின் விளிம்பில் ஏறி, காலை நனைத்து, திரும்பி வந்து, மறுபடி போயிற்று. மற்றவை நின்று பார்த்தன. தள்ளட்டுமா என்பதுபோல் என் கை ஒருமுறை எழுந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. உன் அத்தை என்னைப் பார்த்தாள். கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

முந்தாநாள் மருத்துவர் பார்த்தார். புண் ஆறிவிட்டது, நாளொன்றுக்குப் பத்து நிமிடம் பேசலாம் என்றார். குரல் பழையபடி வராது, ஆண் வாத்தின் கரகரப்போடு வாழ வேண்டியதுதான் என்பதை அவர் வேறு சொற்களில் சொன்னார். அந்தப் பத்து நிமிடத்தை நான் இன்னும் தொடவில்லை. ஞாயிறு காலை நீ அம்மாவை அழைப்பாய் அல்லவா, அன்று தொலைபேசி என் கையில் இருக்கும், நான் நீரேற்றும் அறையின் நிழலில் அந்தத் தொட்டியின் மேல் உட்கார்ந்திருப்பேன். விரும்பினால் என்னோடு பேசு. விரும்பாவிட்டால் அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல், கொடுத்துவிடுவேன், வருந்தமாட்டேன் என்று பொய் சொல்லவில்லை, ஆனால் கொடுத்துவிடுவேன். பேசுவதானால் ஆய்வகத்தைப் பற்றிச் சொல், உன் தெருவைப் பற்றிச் சொல், என் மேல் உள்ள சினத்தைச் சொல், எவ்வளவு நேரம் ஆனாலும் சொல். அந்தக் குடை எந்த நிறம் என்பதையும் சொல்.

உன் முயற்சி எதுவாயினும் அது உனக்கு இனிதே அமைக, உடல் நலமும் உள்ள நலமும் உன்னை விட்டு நீங்காதிருக்க என்று அப்பாவும் அம்மாவும் மனமார வாழ்த்துகிறோம். மாமாவும் அத்தையும் தங்கள் அன்பைச் சேர்க்கச் சொன்னார்கள். ஒன்றை மட்டும் நினைவில் கொள். ஞாயிறன்று நீ ஒரு சொல்லில் நின்றுவிட்டால் மறுமுனையில் வாத்துகளின் இரைச்சலைத் தவிர வேறு எதுவும் கேட்காது. இணைப்பு அறுந்துவிட்டது என்று எண்ணி வைத்துவிடாதே. நான் அங்கேயேதான் இருப்பேன்.

உன் சொல்லுக்குக் காத்திருக்கும்,
அப்பா